உக்கடம் பஸ்ஸில் வீட்டுப்பாடம்

ஜன்னல் மட்டும் கேக்காதீங்க அம்மிணி. மத்தபடி தாராளமா உக்காருங்க. பையை என் காலுக்குக் கீழ தள்ளிக்குங்க, ஒண்ணும் ஆகாது. வாந்தியெல்லாம் இல்லீங்க. ஜன்னல் எனக்கு வேணும், பழக்கம். நீங்க எங்க, பொள்ளாச்சியா? அப்ப உக்கடம் வரைக்கும் இருப்பீங்க. நல்லதாப் போச்சு. பேச்சுத் துணைக்கு ஆளில்லாம தெனமும் இந்தக் கண்டக்டர் மூஞ்சியவே பாத்துப் பாத்து எனக்கும் சலிச்சுப்போச்சு. அவருக்கும் என் மூஞ்சி சலிச்சிருக்கும், வெச்சுக்குங்க.

அந்தப் பக்கம் பாருங்க, டிரைவருக்குப் பின்னாடி, ஆம்பளைங்க சீட்டுல ஜன்னலோரமா ரெட்டை ஜடை போட்டுட்டு ஒண்ணு உக்காந்திருக்கில்ல? மடியில ஊதா பேக்கு. அது நம்ம புள்ளதான். மிருதுளா. ஆறாவது படிக்கறா. இப்ப நாங்க என்ன பண்ணிட்டிருக்கோம்னு நினைக்கறீங்க? ஊருக்குப் போறோம்னா? இல்லீங்க. ஹோம் ஒர்க் பண்ணிட்டிருக்கோம்.

மிருது! நாலாவது பாடம், சொல்லிப் பாத்துக்கோ சாமி!

பாத்தீங்களா, திரும்பாமயே தலையை ஆட்டறா. ஆட்டுனா ஆச்சு. உள்ளுக்குள்ள ஓடிட்டிருக்கும்.

சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல, எல்லாருந்தான் சிரிக்கறாங்க. புள்ளைய டவுன் பஸ்ஸுல ஏத்தி உக்கடத்துக்கும் சிங்காநல்லூருக்குமா ஓட்டிப் பாடம் படிக்க வெக்கற பொம்பளை இந்தக் கோயமுத்தூர்லயே நீ ஒருத்திதான்னு எங்க ஊட்டுக்காரரு சொல்றாரு. சொல்லட்டும். ஆனா இன்னைக்குக் காலையில ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்கு ஆற மாட்டேங்குது. இன்னைக்கோட இது கடைசியாம். நாளையில இருந்து ஸ்கூல் விட்டதும் புள்ளை அங்கயே ஸ்பெஷல் கிளாஸ்ல இருக்கணுமாம். பட்டறை முடிஞ்சு அவரே போய்க் கூட்டிட்டு வருவாராம். பஸ்ஸே கூடாதாம். நீங்க படிச்சவங்களாட்டம் தெரியறீங்க. நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு யாரு பக்கம் நியாயம்னு நீங்க சொல்லுங்க.

ஒரு நிமிஷம்... அந்த பேக்கரி வாசல்ல... இல்ல. வேற ஆளு. ஒண்ணுமில்லீங்க, நீங்க எட்டிப் பாக்காதீங்க. எங்க விட்டேன்?

ஆங். ரெண்டாவது படிக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. வாயாடி அவ. வானத்துக்கும் பூமிக்கும் பேசுவா. புஸ்தகத்தைப் பிரிச்சா ஊமையாயிருவா. "எழுத்து நிக்க மாட்டேங்குதும்மா"ம்பா. போர்டைப் பாத்து இவ ஒரு வரி எழுதறதுக்குள்ள மிஸ்ஸு போர்டையே அழிச்சிருவாங்க. டைரியில பாதி ஹோம் ஒர்க்தான் இருக்கும். மீதிப் பாதிக்கு நான் பக்கத்து ஊட்டுல போய்ப் பல்லைக் காட்டிட்டு நிக்கணும். பொழுதோட உக்காந்தா ஒரு பக்கம் முடியறதுக்குள்ள சோறு ஆறிச் சில்லுனு போயிரும். ரப்பரு போட்டு அழிச்சு அழிச்சுத் தாளு ஓட்டையாயிரும். அப்புறம் அழுகை. வயித்தை வலிக்குதும்பா. நடிப்புன்னு நினைப்பீங்க, நெசமாலுமே வாந்தி எடுத்துருவா.

நான் ஒரு நாளும் கை நீட்டுனதில்லீங்க. அதை நீங்க நல்லாக் கேட்டுக்கணும். எங்கப்பாவாட்டம் நான் கிடையாது. ஆனா பக்கத்தை விட்டு எந்திரிச்சதும் கிடையாது. ஹோம் ஒர்க் நேரத்துல அவ பாத்ரூம் போனாக்கூட நான் கதவுகிட்டயே நிப்பேன். தாழ் போட விடமாட்டேன். வாசக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்புல சொருகிக்குவேன். "என்னடி, ஜெயிலா நடத்தறே, பெத்த புள்ளைய நம்ப மாட்டியா"ன்னு அவரு கேப்பாரு. புள்ளைய நம்பறேங்க. ஹோம் ஒர்க் முடியாத புள்ளை, வாசக்கதவு தெறந்து கிடக்குதுன்னா, அந்த நேரத்துல அதுங்க புத்தி எப்படிப் போகும்னு அவருக்கு என்ன தெரியும்? அவரு பாத்திருக்காரா?

அப்புறந்தான் இந்த பஸ்ஸு வந்து எங்களைக் காப்பாத்துச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை உக்கடத்துக்கு மீனு வாங்கப் போனோம். திரும்பி வந்து நான் மீனை அலசிட்டிருக்கறேன், இவ பக்கத்துல உக்காந்துட்டு வழியில கண்டக்டர் கத்துன ஸ்டாப்பையெல்லாம் ஒண்ணு விடாம, வரிசை மாறாம, அவரு கொரல்லயே சொல்றா. முன் சீட்டுல ரெண்டு பொம்பளைங்க மருமகளைப் பத்திப் பேசிட்டு வந்தாங்க, அதையும் அப்படியே சொல்றா. கையில மீனோட நான் அப்படியே உக்காந்துட்டேன். மிஸ்ஸு கேட்டா முழிக்கற புள்ளைங்க இது! மறுநாளே புஸ்தகத்தைத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன். தண்ணி எப்படி ஆவியாகி மேகமாகுதுன்னு ஒரு பாடம். அவ முன் சீட்டு, நான் பின் சீட்டு. அவ காதுகிட்டக் குனிஞ்சு நான் சொல்லச் சொல்ல, அவ ரோட்டைப் பாத்துட்டு வர்றா. திரும்பி வர்றப்ப கேட்டேன். மடமடன்னு சொல்றா. அன்னைக்கு நான் அழுதுட்டேங்க. பஸ்ஸுன்னும் பாக்காம அழுதேன்.

பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனது எங்களுக்குன்னே பண்ணுனது மாதிரி. போறப்ப நான் சொல்லணும், உக்கடத்துல எறங்கி ஆளுக்கொரு டீ, வர்றப்ப அவ சொல்லணும். ஊட்டுக்கு வந்ததும் சூடு ஆறறதுக்குள்ள எழுதிப்போடணும். அவ கண்ணுல என் மூஞ்சியும் படாது, எழுத்தும் படாது, அதனால பயமில்ல. அந்த வருஷம் எல்லாத்துலயும் பாஸ். அவங்க மிஸ்ஸே என்னைக் கூப்பிட்டு, "என்னங்க பண்ணுனீங்க"ன்னு கேட்டாங்க. பஸ்ஸுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. பாதாம் குடுக்கறேன்னு சொல்லிட்டேன்.

என்னங்க கேட்டீங்க? காந்திபுரம் பஸ்ஸுல போனா ஆகாதான்னா? ஆமாங்க, அதுதான் நெறைய வருது. இது ஒண்ணை விட்டா நின்னுட்டே கிடக்கணும். ஆனா காந்திபுரம் பஸ்ஸுல கூட்டம். உக்கார எடம் கிடைக்காது. அதுவுமில்லாம எனக்கு இந்த பஸ்ஸுதான் ராசி. எங்க தம்பி போனதும் இந்த பஸ்ஸுலதான்.

தம்பிங்க. பூபதி. எனக்கு எளையவன். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, வாய் தவறி வந்துருச்சு.

சரி, கேட்டுட்டீங்க, சொல்லிப்போடறேன். அவனுக்கும் மிருதுவுக்கு இருக்கற மாதிரியேதான். அப்ப யாருக்குங்க தெரியும், இதுக்கெல்லாம் ஒரு பேரு இருக்கு, டீச்சர் இருக்காங்கன்னு? எங்களுக்குத் தெரிஞ்ச பேரு சோம்பேறி. எங்கப்பா மில்லுல டைம்கீப்பர். ஒரு நிமிஷம் பிந்தி வர்ற ஆளையும் உள்ள விடாத மனுசன். ஊட்லயும் அதே சட்டந்தான். ஹோம் ஒர்க்கை முடிச்சுக் காட்டுனாத்தான் தட்டு போடணும். அவரு மில்லுல இருந்து வர்றதுக்குள்ள அவனை எழுத வெக்க வேண்டியது என் பொறுப்பு. அவன் எழுதலைன்னா அவனுக்கு அடி, எனக்குத் திட்டு. நான் என்னங்க பண்ணுவேன்? நானும் அப்ப சின்னப் புள்ளைதானே?

அன்னைக்குக் கணக்கு. எட்டிப் பாக்கறேன், ஒண்ணுமே எழுதாம உக்காந்திருக்கான். "அக்கா, இன்னைக்கு மட்டும் நீ எழுதிக் குடுக்கா"ன்னான். நான் மாட்டேன்னுட்டேன். ஏங்க, நான் எழுதிக் குடுத்தா அவன் எப்பக் கத்துக்குவான்? நீங்களே சொல்லுங்க. மிருது ஸ்கூல்ல இருக்கற ரெஜினா மிஸ்ஸுகூட அதைத்தானே சொல்றாங்க, புள்ளைங்க வேலையைப் புள்ளைங்கதான் செய்யணும்னு? நான் அன்னைக்கே அதைச் சொல்லியிருக்கேன். "அப்பா சைக்கிள் சத்தம் கேக்குது, சீக்கிரம் எழுது"ன்னு மட்டுந்தான் சொன்னேன். சைக்கிள் வரலைங்க. பயம் இருந்தாக் கை ஓடுமேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னது. எந்த ஊட்டுலதான் சொல்லலை? சொல்லிட்டு, கொடியில கிடந்த துணியை எடுக்கப் பின்னாடி போனேன். வந்து பாத்தா புஸ்தகம் இருக்குது, பென்சில் இருக்குது, அவன் இல்ல.

சிங்காநல்லூர் ஸ்டாப்புல கடை வெச்சிருந்த டெய்லர்தான் சொன்னாரு, பள்ளிக்கூட டவுசரோட உக்கடம் பஸ்ஸுல ஏறுனான்னு. ஏதோ வேலையா அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சுட்டாராம். அதுதான் கடைசி. பழனி, பொள்ளாச்சி, பாலக்காடுன்னு எங்கப்பா தேடாத ஊரில்ல. தேடி வந்து உக்காந்தவரு அப்புறம் யாரையும் அதட்டுனதில்ல. கொரலே எழும்பலை. அவரும் போயிட்டாரு, அம்மாவும் போயிட்டாங்க. ஆடி அமாவாசைக்கு எங்க பெரியப்பா பையன் பேரூர்ல அவங்களுக்குத் தர்ப்பணம் குடுக்கறான். "தம்பி பேரையும் சேத்துச் சொல்லிறட்டுமா"ன்னு வருஷா வருஷம் கேப்பான். சேத்துனா உன் கையை ஒடிச்சுப்போடுவேன்னு சொல்லிவெச்சிருக்கேன். இருக்கறவனுக்கு யாராச்சும் எள்ளுந்தண்ணி விடுவாங்களா?

பஸ்ஸு ராமநாதபுரம் ஸ்டாப்புக்கு வந்துருச்சுங்களா? கொஞ்சம் தலையைச் சாச்சுக்குங்க... அந்த வெள்ளைச் சட்டை... எடது தோளு சாஞ்சிருக்குது பாருங்க... இல்ல. இவன் வயசுப் பையன். அவனுக்கு இப்ப முடி நரைச்சிருக்கும். எனக்கு அதுதான் அடிக்கடி மறந்துபோகுது. சில நேரம் டவுசர் போட்ட பசங்களைக்கூட உத்து உத்துப் பாத்துட்டிருப்பேன், அப்புறம் எனக்கே சங்கடமாயிரும். அவன் பையை எடது தோள்லதான் மாட்டுவான். அந்தத் தோளு கொஞ்சம் எறங்கி இருக்கும், நடக்கறப்ப நல்லாத் தெரியும். அது வயசானாலும் மாறாதுல்லீங்க?

இல்லீங்க, நான் தேடறதுக்கெல்லாம் வர்றதில்ல. புள்ளைக்குப் பாடம் ஏறுது, அதுக்காக வர்றேன். வர்ற வழியில கண்ணு நாலு எடம் பாக்குது, அவ்வளவுதான். கண்ணை மூடிட்டா வர முடியும்? மிருதுவுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல நான். சின்னக் கொழந்தை மனசுல எதுக்கு அதையெல்லாம் போட்டுட்டு? அவ பாட்டுக்குப் பாடம் கேட்டுட்டு வருவா.

போன மாசம் சுங்கம் ஸ்டாப்புல ஒண்ணு நடந்துபோச்சு. அதைச் சொன்னாத்தான் எங்க ஊட்டுக்காரரு கோவம் உங்களுக்குப் புரியும். அசோகர் பாடம். மரம் நட்டாரு, கெணறு வெட்டுனாருன்னு சொல்லிட்டே வர்றேன். பஸ்ஸு நின்னுச்சு. ஒரு ஆளு முதுகைக் காட்டிட்டு நடந்து போறாரு. அதே தோளு. அதே நடை. நான் எறங்குனது எனக்கே தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. ரோட்டுல ஓடிட்டிருக்கேன், "பூபதி, பூபதி"ன்னு கத்தறேன். அந்த ஆளு திரும்பி மலையாளத்துல என்னமோ கேட்டாரு. மூக்கு, கண்ணு எதுவுமே ஒத்துவரலை. சரின்னு திரும்பறேன், பஸ்ஸைக் காணோம். புள்ளை பஸ்ஸுல.

அந்த ஸ்டாப்புல நான் நின்ன நேரம் இருக்கே, அதை என்னால சொல்ல முடியாதுங்க. பின்னாடி ஒரு ஆட்டோ புடிச்சுப் போகலாம்னு தோணலை. போன் இருக்குது, யாருக்காச்சும் பேசலாம்னு தோணலை. மறுபடியும் ஒரு புள்ளையை இந்த பஸ்ஸு கொண்டுபோயிருச்சுன்னு அது மட்டுந்தான் மண்டைக்குள்ள. எத்தனை நேரம்னு தெரியாது. எதுக்கால உக்கடத்துல இருந்து வர்ற பஸ்ஸு வந்து நிக்குது, மிருது பேக்கை மாட்டிட்டு எறங்கி, ரெண்டு பக்கமும் பாத்து ரோட்டைத் தாண்டி வர்றா. அழுகலைங்க. "போர்டுல சிங்காநல்லூர்னு போட்டிருந்துச்சும்மா, படிச்சேன், ஏறிட்டேன்"ங்கறா. அப்புறம் என் மூஞ்சியைப் பாத்துட்டு, "உனக்கு வேர்த்துக் கொட்டுதும்மா"ன்னு அவ துப்பட்டாவாலயே தொடச்சு விட்டா.

படிச்சுட்டாளுங்க! எழுத்து நிக்க மாட்டேங்குதுன்னு அழுத புள்ள, பஸ் போர்டைப் படிச்சுட்டு ஒத்தையில வந்து எறங்கியிருக்கா! இதைப் போய்ப் பெருமையாச் சொன்னா எங்க ஊட்டுக்காரரு தரையில உக்காந்துட்டாரு. "நீ எதுக்குடி எறங்குனே"ன்னு அதையே கேக்கறாரு. தெரிஞ்சவங்க மாதிரி இருந்துச்சுன்னேன். மனுசன் அன்னைக்குச் சாப்பிடலை. புள்ளையும் எதையும் சொல்லலை, என் பக்கமே நின்னா. மறுநாள்ல இருந்து ஒரே ஒரு மாத்தந்தான். முன் சீட்டுல உக்கார மாட்டேன், வெயிலு மூஞ்சியில அடிக்குதுன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போய் ஆம்பளைங்க சீட்டுல உக்காந்துக்கறா. நான் இங்கிருந்து பாடத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்குது. கண்டக்டர் மொறைக்கறாரு. என்ன பண்றது, கொழந்தை ஆசைப்படறா.

இதுல ஒரு தகரத்துக் கதை வேற இருக்குது, அதையும் கேளுங்க. ரெஜினா மிஸ்ஸுன்னு சொன்னேனே, ஸ்கூல்ல புதுசா வந்த ஸ்பெஷல் டீச்சரு. ஒரு வரி மட்டும் தெரியற மாதிரி அட்டையில ஓட்டை போட்டு வெச்சுப் படிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்களாம். இவரு ஒடனே பட்டறையில மெல்லிசா ஒரு தகரம் எடுத்து, ஓரத்தையெல்லாம் தேச்சு வழவழன்னு பண்ணிக் கொண்டுவந்து குடுத்துட்டாரு. காலையில ரெண்டு பேரும் பேப்பரை விரிச்சு அதை வெச்சு நகத்தி நகத்திப் படிக்கறாங்க. எனக்குப் பத்திட்டு வரும். இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்துனது நானு, பேரு வாங்கறது ஒரு ஓட்டைத் தகரமா? பஸ்ஸுல வளந்த படிப்புங்க அது. அதுமேல தகரத்தை வெச்சுட்டுத் தகரம்தான் படிக்க வெச்சுதுங்கறாங்க.

போன வாரம் அந்த மிஸ்ஸு என்னைக் கூப்பிட்டு அனுப்புனாங்க. சின்ன வயசுதான், நல்லாப் பேசறாங்க. "உங்க பொண்ணு இப்ப அவளாவே படிக்கறா. ஹோம் ஒர்க்கையும் கடைசிப் பீரியட்ல இங்கயே முடிச்சிடறா. சாயங்காலம் அவளை விளையாட விடுங்க"ன்னாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "முடிச்சுட்டான்னா அப்புறம் எதுக்கு மிஸ் என்கூட பஸ்ஸுக்கு வர்றா? நான் கூப்பிடறதுக்கு முன்னாடி பேக்கை மாட்டிட்டு வாசல்ல நிக்கறாளே"ன்னேன். அதுக்கு அந்தம்மா, "அதை நீங்க அவகிட்டதான் கேக்கணும்"னு சொன்னாங்க. நான் எதுக்குங்க கேக்கணும்? பெத்தவளுக்குத் தெரியாதா? அவளுக்கு பஸ்ஸுன்னா உசுரு. எதுத்த ஊட்டுப் புள்ளைங்க ரிங் பால் விளையாடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு இப்பக் கூப்பிடறதையே விட்டுட்டாங்க. "எனக்கு வேலை இருக்கு"ன்னு பெரிய மனுஷியாட்டம் சொல்லிட்டு என்கூட வந்துருவா.

இன்னைக்குக் காலையில அவரு கடைசியா என்ன சொன்னாரு தெரியுங்களா? சட்டையை மாட்டிட்டே, சத்தம் போடாமச் சொல்றாரு. "நீ யாரைத் தேடறேன்னு எனக்குத் தெரியும். தேடு. நான் வேண்டாம்னு சொல்லலை. புள்ளையை விட்டுட்டுத் தேடு"ங்கறாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. பேச்சைப் பாருங்க! புள்ளை படிக்கணும்னு நாயா அலையறவளைப் பாத்துப் பேசற பேச்சா இது? நீங்க சொல்லுங்க. அவ படிப்பை நிறுத்துனா அந்தப் பாவம் யாருக்கு?

சும்மா நானே தனியா வரலாமேன்னு கேக்கறீங்க. புள்ளை இல்லாம நான் எதுக்குங்க இந்த பஸ்ஸுல ஏறணும்? என்ன சாக்கைச் சொல்லி ஏறுவேன்? தெனம் ஒரு பொம்பளை சோலியே இல்லாம உக்கடம் போய்ட்டுப் போய்ட்டு வந்தா ஊரு என்ன சொல்லும்? பைத்தியம்னு சொல்லும். ஊட்லயே உக்காந்திருந்தா பொழுதோட அந்த நேரத்துக்கு எனக்கு உள்ளங்காலெல்லாம் நமைக்க ஆரம்பிச்சுரும். யாரோ வாசக்கதவைத் தெறந்துட்டு எறங்கிப் போற சத்தம் கேட்டுட்டே இருக்கும். எந்திரிச்சுப் பாத்தாப் பூட்டு தொங்கிட்டு இருக்கும். பஸ்ஸுல ஏறிட்டா அந்தச் சத்தம் நின்னுரும். அதனாலதான் சொல்றேன், புள்ளைக்கு பஸ்ஸு வேணும்.

டவுன்ஹால் தாண்டிட்டோம். இன்னும் செத்த நேரந்தான், உக்கடம் வந்துரும். பையை எடுத்துக்குங்க. நான் சொன்னதுல எதாச்சும் தப்பிருந்தாச் சொல்லுங்க அம்மிணி.

அதா, அவளே எந்திரிச்சு வர்றா பாருங்க. பஸ்ஸு நிக்கறதுக்குள்ள எந்திரிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? கம்பியைப் பிடி சாமி, கம்பியைப் பிடி! என்ன, பாடம் முடிஞ்சுதா? ஹாங்? சத்தமாச் சொல்லு, கேக்கலை.

என்ன சொன்னா, கேட்டீங்களா? "அந்தப் பக்கம் பூராப் பாத்துட்டேன்மா. மாமா இல்ல"ங்கறா.

எந்த மாமாடி? யாரு உன்னைப் பாக்கச் சொன்னா?

நான் சொல்லலைங்க. என் தலையில அடிச்சு வேணாலும் சத்தியம் பண்றேன், ஒரு நாள் ஒரு வார்த்தை நான் இவகிட்டச் சொன்னதில்ல. உங்கப்பா சொன்னாரா? சொல்லு. அப்புறம் யாரு? ... நானா? "நீ தூக்கத்துல பேசுவியேம்மா, தெனமும் பேசுவியே"ங்கறா. எடது தோளு சாஞ்சிருக்கும்னும் நான்தான் சொன்னேனாம். சுங்கத்துல நான் எறங்கி ஓடுன அன்னைக்கே இவளுக்குப் புரிஞ்சுபோச்சாம். வெயிலு அடிக்குதுன்னு சொன்னது சும்மாவாம். "நீ ஒருத்தி ஒரு பக்கந்தானேம்மா பாக்க முடியும்? அதான் நான் அந்தப் பக்கம் போனேன்"ங்கறா.

அப்ப பாடம்? நான் கத்திக் கத்திச் சொன்னேனேடி, தலையைத் தலையை ஆட்டுனியே?

... ஸ்கூல்லயே முடிச்சுட்டாளாம். தெனமும் முடிச்சுட்டாளாம்.

என்னங்க இது. பஸ்ஸு நின்னுருச்சா? நிக்கட்டும். இவ இன்னும் என்னமோ சொல்றா. என் கன்னத்தைப் பிடிச்சுட்டுச் சொல்றா பாருங்க, எனக்கு ஆறுதல் சொல்றாளாம். "அப்பா நாளைக்கு உன்னை விடலைன்னாப் பரவால்லம்மா. நீ ஊட்லயே இரு. நான் ஸ்கூல் விட்டதும் யாருக்கும் சொல்லாம நானே இந்த பஸ்ஸுல ஏறி வந்து ரெண்டு பக்கமும் பாத்துட்டு வந்தர்றேன். எனக்குத்தான் போர்டு படிக்கத் தெரியுமே"ங்கறா.

தனியா. யாருக்கும் சொல்லாம. இந்த பஸ்ஸுல.

அம்மிணி, போயிராதீங்க. பொள்ளாச்சிக்கு அடுத்தடுத்து பஸ்ஸு இருக்குதுங்க, ஒண்ணு போனா இன்னொண்ணு வரும். இவ கையை நீங்க பிடிச்சுக்குங்க. அப்படியில்ல, இறுக்கிப் பிடிங்க. நான் இவ அப்பாவுக்கு போன் போட்டு ஒடனே இங்க வரச் சொல்றேன். அவரு வர்ற வரைக்கும் விட்டுராதீங்க.